முன்பதிவு இல்லாமல் ஒரு தலைநகரம்

ஐரோப்பா போய்விட்டு வந்த நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பதினோரு நாளில் ஏழு நாடு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பி பஸ்ஸில் ஏற்றியது, ஈஃபில் கோபுரத்தடியில் இருபது நிமிஷம், சுவிட்சர்லாந்தில் பனியைக் கையில் அள்ளி ஒரு போட்டோ, ராத்திரி ஏதோ ஒரு ஓட்டலில் நம் ஊர்ப் பருப்பு சாதம். தப்பு என்று சொல்ல வரவில்லை. காசு கொடுத்திருக்கிறார்கள், கொடுத்த காசுக்குப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் ஏழு நாடு சுற்றிய இவர்களில் எத்தனை பேர் தானாக ஒரு ஸ்டேஷனுக்கு நடந்து போய், ஒரு டிக்கெட் வாங்கி, அடுத்த வண்டியில் ஏறினார்கள்? கேட்டால் சிரிப்பார்கள்.

ஒரு தேசத்தின் ரயில்வே எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அதன் அதிவேக வண்டியில் ஏறிப் பார்த்தால் போதாது என்பது என் கட்சி. அதிவேக வண்டி கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ளும் பட்டுப் புடவை மாதிரி. வீட்டு லட்சணம் தினசரி உடுப்பில்தான் தெரியும். காலையில் காப்பி குடித்துக்கொண்டே 'பக்கத்து ஊருக்குப் போய்விட்டு வரலாமா' என்று தோன்றினால், தோன்றிய ஒரு மணி நேரத்துக்குள் வண்டியில் உட்கார்ந்திருக்க முடிகிறதா? உட்கார்ந்து, கவனியுங்கள், தொங்கிக்கொண்டு அல்ல. இதுதான் என் அளவுகோல். ஓவர்ஹெட் கம்பிக்குக் கீழேயும் சில சமயம் அதன் மேலேயும் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இந்த அளவுகோலுக்கு நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம் வியன்னாவும் பிராட்டிஸ்லாவாவும். முன்னது ஆஸ்திரியாவின் தலைநகரம், பின்னது ஸ்லோவாக்கியாவின் தலைநகரம். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர். ரோமுக்குள்ளேயே அடங்கிய வாட்டிகனைத் தள்ளிவிட்டால், ஐரோப்பாவில் இவ்வளவு நெருக்கமான இரண்டு தலைநகரங்கள் வேறு இல்லை. சர்ச்கேட்டிலிருந்து விரார் போகும் தூரத்தைவிடக் குறைவு! விராருக்குப் போக யாராவது விசா எடுத்து, நாலு மாதம் யோசித்து, அல்வாவும் முறுக்கும் கட்டிக்கொண்டு கிளம்புகிறோமா?

2019 செப்டம்பரில் வியன்னாவில் மகள் வீட்டில் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, "இன்றைக்கு மத்தியானம் என்ன சமையல்?" என்ற கேள்வியிலிருந்து இந்தப் பேச்சு எப்படியோ கிளம்பியது. மாப்பிள்ளை கையில் ஃபோனை எடுத்தார். ஓட்டல் பார்க்கட்டுமா, வழிகாட்டி ஏற்பாடு செய்யட்டுமா, சனிக்கிழமை நானே காரில் கூட்டிக்கொண்டு போகிறேனே மாமா என்றார். நல்ல பிள்ளை. என் மனைவி அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டாள். "ஏங்க, பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்குங்க, சாயந்திரம் விளக்கேத்தறதுக்குள்ள வந்துடலாம்" என்றாள். ஒன்பதே முக்காலுக்கு நாங்கள் வியன்னா பிரதான ஸ்டேஷனில் இருந்தோம்.

டிக்கெட் இயந்திரம் ஆங்கிலம் பேசும். பிராட்டிஸ்லாவா என்று தட்டினால் போக வரச் சேர்த்து ஒரே டிக்கெட். தலைக்கு இருபது யூரோவுக்குள்தான் ஆயிற்று. அந்த ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே பஸ், டிராம் எல்லாவற்றிலும் அதே டிக்கெட்டைக் காட்டிக்கொள்ளலாம். இருக்கை எண் கிடையாது, பெட்டி எண் கிடையாது, பெயர்ப் பட்டியல் ஒட்டுவது கிடையாது. இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்றுகூடக் கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். மணிக்கு ஒரு வண்டி வடக்குப் பாதையில், மார்ஹெக் என்ற ஊர் வழியாகப் போகிறது. தெற்கே கிட்சே வழியாக இன்னொரு பாதை, அதிலும் மணிக்கு ஒரு வண்டி. ஒரே டிக்கெட் இரண்டு வழிக்கும் செல்லும். போவது ஒரு வழி, வருவது ஒரு வழி என்று முடிவு செய்துகொண்டோம்.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். மணிக்கொரு வண்டி என்பது சும்மா நிறைய வண்டி விடுவது அல்ல. எட்டு மணிக்கு எந்த நிமிஷத்தில் புறப்படுகிறதோ, ஒன்பதுக்கும் பத்துக்கும் இரவு எட்டுக்கும் அதே நிமிஷத்தில் புறப்பட வேண்டும். குறுக்கே போகும் வண்டிகளும் அதே கணக்கில் வந்து சேர வேண்டும். சுவிட்சர்லாந்து 1982-இல் நாடு முழுவதற்கும் இந்த முறையைக் கொண்டுவந்தது. ஆஸ்திரியா 1991-இல் தன் கால அட்டவணையை இப்படி மாற்றி அமைத்தது. இதில் வேகம் இரண்டாம்பட்சம். எங்கள் வண்டி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொண்டது. அறுபது எழுபது கிலோமீட்டருக்கு அது ஒன்றும் பறக்கும் வேகமில்லை. நம் ஊர் இன்டர்சிட்டி வண்டி அதைச் சுலபமாகச் செய்யும். ஆனால் அந்த வண்டிக்காக யாரும் அட்டவணையைப் புரட்டவில்லை. நிமிஷம் ஒன்று ஞாபகம் இருந்தால் போதும். நம் மும்பைக்காரர்கள் '8.12 ஃபாஸ்ட்' என்று ஒரு வண்டியை மனைவி மக்களைப்போல நேசிக்கிறோம். அங்கே அந்த 12-தான் முக்கியம், 8 முக்கியமில்லை.

இன்னொரு வேடிக்கை. இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே, அதுவும் மின்சார ரயிலில் கரைகண்ட தேசத்தில், எங்களை இழுத்துக்கொண்டு போனது ஒரு டீசல் என்ஜின்! மார்ஹெக் பாதை அப்போது பெரும்பகுதி ஒற்றைப் பாதை, மேலே கம்பி கிடையாது. 2019-இல் அதை இரட்டைப் பாதையாக்கி மின்மயமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஓரமாகப் புதிய கம்பங்களுக்கான அஸ்திவாரங்களைப் பார்த்தேன். ஏன் இத்தனை காலம் விட்டுவைத்தார்கள் என்றால் காரணம் பாதி அரசியல், பாதி மின்சாரம். அரசியலுக்குப் பிறகு வருகிறேன். மின்சாரம் இதுதான்: ஆஸ்திரிய ரயில்வே ஓடுவது 15 கிலோவோல்ட், 16.7 ஹெர்ட்ஸில். நூறு வருஷத்துக்கு முந்தைய மோட்டார்கள் 50 ஹெர்ட்ஸைத் தாங்காது என்பதால் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் பிடித்துக்கொண்ட அளவு அது. பிராட்டிஸ்லாவா பக்கம் 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது 1957-இல் நாம் முடிவெடுத்து எடுத்துக்கொண்ட, நம் வீட்டு மின்சாரம். எல்லை தாண்டியதும் நம்ம ஊர் கரண்ட் வருகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். மனைவிக்கு அதில் என்ன சந்தோஷம் என்று புரியவில்லை.

வியன்னாவைத் தாண்டி டான்யூப் நதிப் பாலம். பிறகு மார்ஷ்ஃபெல்ட் என்கிற சமவெளி. தஞ்சாவூர் ஜில்லா மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. பயிர்தான் வேறு, நடுவில் நெடுநெடுவென்று காற்றாலைகள். மார்ஹெக் கிராமத்தில் வெண்நாரைகள் மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். நாங்கள் போனபோது அவை ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிட்டிருந்தன. அவற்றுக்கும் முன்பதிவு கிடையாது. மார்ஹெக்கைத் தாண்டினதும் மொராவா ஆறு. நம் பவானியை விடப் பெரிசாகத் தெரியவில்லை. பாலத்தில் தடதடவென்று அரை நிமிஷம். அவ்வளவுதான், தேசம் மாறிவிட்டது. யாரும் வரவில்லை, எதையும் கேட்கவில்லை. டிக்கெட் பரிசோதகர்தான் கொஞ்ச நேரம் முன்னால் வந்து சலாம் போட்டுவிட்டுப் போயிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி தலையைக்கூட நிமிர்த்தாமல் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்மணி தலையை நிமிர்த்தவில்லையே, அதைத்தான் நான் யோசித்துக்கொண்டே போனேன். ஏனென்றால் இதே ஆற்றை நீந்திக் கடக்கப் பார்த்து உயிரைவிட்டவர்கள் இருக்கிறார்கள். டான்யூபும் மொராவாவும் கலக்கும் இடத்தில் டெவின் என்று ஒரு பாழடைந்த கோட்டை. அதன் அடியில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1948 முதல் 1989 வரை அது சோஷலிச செக்கோஸ்லோவாக்கியா. கரையோரம் முள்வேலி, காவல் கோபுரம். வியன்னாவின் 55 கிலோமீட்டர் அப்போதும் 55 கிலோமீட்டர்தான். தண்டவாளம்கூட 1848 முதல் இருந்தது. ஆனால் நினைத்தவுடன் போக முடியாது.

1989 நவம்பரில் ஆட்சி ஆட்டம் கண்டது. டிசம்பர் 10-ஆம் தேதி பிராட்டிஸ்லாவா ஜனங்கள் 'வணக்கம் ஐரோப்பா' என்று சொல்லிக்கொண்டு ஆயிரமாயிரமாக எல்லையைத் தாண்டி ஆஸ்திரியப் பக்கத்து ஹைன்பர்க் ஊருக்கு நடந்தே போனார்கள். வேறு உத்தேசம் ஒன்றும் இல்லை, நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். அரை நாள் பிரயாணம்தான் அதுவும். 1993 ஜனவரி 1-ஆம் தேதி செக், ஸ்லோவாக்கியா இரண்டும் சண்டையில்லாமல் பாகப்பிரிவினை செய்துகொண்டன. 2004 மே மாதம் ஸ்லோவாக்கியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 டிசம்பர் 21-ஆம் தேதி எல்லைச் சாவடிப் பரிசோதனை எடுபட்டது. 2009 ஜனவரியிலிருந்து பணமும் ஒன்றாகிவிட்டது. இவ்வளவு படிகள் ஏறி வந்த பிறகுதான் அந்த அம்மாள் நிமிராமல் ஸ்வெட்டர் பின்னுகிறார்.

பிராட்டிஸ்லாவா பிரதான ஸ்டேஷன் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. பார்க்க அழகாக இல்லை, அதை மறைப்பானேன். இறங்கிப் பதினைந்து இருபது நிமிஷம் சரிவில் நடந்தால் ஜனாதிபதி மாளிகை, அதைத் தாண்டினால் பழைய கோட்டையின் மைக்கேல் வாசல், உள்ளே பழைய ஊர். எங்களிடம் பட்டியல் ஏதும் இல்லாததால் எதையும் தவறவிட்டோம் என்ற கவலையும் இல்லை. செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். துருக்கியர் புடாவைப் பிடித்துக்கொண்ட பிறகு ஹங்கேரி ராஜ்யம் தன் தலைநகரை இந்த ஊருக்கு மாற்றியது. 1563 முதல் 1830 வரை ஹங்கேரி மன்னர்களுக்கு முடிசூட்டு விழா இந்தக் கோயிலில்தான். மரியா தெரசா 1741-இல் இங்கே முடிசூட்டிக்கொண்டார். கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதில் ஒரு கிரீடம்.

அந்தக் கோயிலுக்கு வெளியே வந்தால் ஒரு பொறியாளனுக்கு வயிறு எரியும். கோயில் சுவரை உரசிக்கொண்டு ஒரு பெரிய நெடுஞ்சாலை ஓடுகிறது. 1972-இல் திறந்த டான்யூப் பாலத்துக்கு வழிவிடப் பழைய யூதர் குடியிருப்பை இடித்துத் தள்ளினார்கள். தேவாலயத்துக்குப் பக்கத்தில் நின்ற யூதக் கோயிலையும் விடவில்லை. பாலம் என்னவோ அற்புதம்தான். ஒரே ஒரு சாய்ந்த கோபுரம், அதிலிருந்து கம்பி வடங்கள், நடுவே 303 மீட்டர் தாங்கல் இல்லாத தாண்டு. கோபுரத்தலையில் பறக்கும் தட்டு மாதிரி ஒரு சிற்றுண்டிச்சாலை. நான் கால் மணி நேரம் வாய்பிளந்து பார்த்தேன். ஆனாலும் அந்த அழகுக்குக் கொடுத்த விலை அதிகம்.

இந்த ஊருக்கு மூன்று பெயர் உண்டு என்பதை நம் வாசகர்கள் ரசிப்பார்கள். ஜெர்மன்காரர்களுக்குப் பிரெஸ்பர்க், ஹங்கேரியர்களுக்குப் பொசோன்யி. பிராட்டிஸ்லாவா என்ற பெயர் அரசாங்க ரீதியாக வந்தது 1919-இல்தான். ஒரு காலத்தில் இந்த ஊர்க் கடைக்காரன் மூன்று பாஷையும் பேசுவான். தாராவியிலும் மாதுங்காவிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழ், மராத்தி, ஹிந்தி மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து அடிக்கிறார்களே, அந்த மாதிரி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மன் பேசுகிறவர்களை விரட்டிவிட்டார்கள். ஹங்கேரி பேசுகிறவர்களிலும் பலர் போக வேண்டிவந்தது. மூன்று பாஷை ஊர் ஒரு பாஷை ஊராயிற்று. அந்தப் பழைய கலப்பு இப்போது பேக்கரியில்தான் மிச்சம். கசகசா பூரணமோ அக்ரூட் பூரணமோ வைத்துப் பிறைச்சந்திரன் மாதிரி வளைத்த ஒரு பலகாரம், பிரெஸ்பர்க் பெயரிலேயே பிரசித்தம். நம் சோமாசியின் தூரத்து உறவு. இரண்டு வாங்கிச் சாப்பிட்டோம், நாலு கட்டி வாங்கிக்கொண்டோம். சாக்கடை மூடியிலிருந்து எட்டிப் பார்க்கும் தொழிலாளி சிலையையும் பார்த்தோம். 1997-இல் வைத்ததாம். எல்லோரும் அதன் தலையைத் தடவித் தடவி தலை மட்டும் பளபள.

மூன்று மணிக்குப் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி அக்கரையில் பெட்ர்ஜல்கா ஸ்டேஷன். இங்கே வரைக்கும் ஆஸ்திரியாவின் மின்சாரம் வருகிறது. நானும் தலையை அண்ணாந்து பிளாட்பாரத்தில் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மும்பையில் இந்த வேலைதான் எங்கள் தலைமுறை பார்த்தது. 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு 1,500 வோல்ட் டி.சி.யில் முதல் மின்சார வண்டி ஓடியது. தொண்ணூறு வருஷம் கழித்து, வெஸ்டர்ன் லைன் 2012-இலும், கடைசியாக ஹார்பர் லைன் 2016 ஏப்ரலிலும் ஏ.சி.க்கு மாறின. ஒரு நாளைக்கு லட்சக்கணக்கானவர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, ராத்திரி கிடைத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் செய்த வேலை அது. அதனால் இரண்டு மின்சாரம் சந்திக்கும் ஸ்டேஷனைக் கண்டால் எனக்கு ஒரு தனி மரியாதை.

பெட்ர்ஜல்கா பாதை 1998 டிசம்பரில்தான் திரும்பத் திறந்தது. அரசியல் என்று சொன்னேனே, அது இதுதான். அதற்கு முன்னால் இந்தத் தெற்குக் கரையில் இன்னொரு ரயில் இருந்தது, 1914 பிப்ரவரி 5-ஆம் தேதி ஆரம்பித்தது. வியன்னா நகர மத்தியில் டிராம் போலப் புறப்பட்டு, வெளியே வந்ததும் ரயில்போல ஓடி, பிரெஸ்பர்க் நகருக்குள் மறுபடி டிராமாக நுழையும். நகரங்களுக்குள் டி.சி., இடையே ஏ.சி. வழியில் இரண்டு இடத்தில் என்ஜினை மாற்றுவார்கள், பிரயாணிகள் இறங்க வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த யோசனை! அப்போது இரண்டு ஊரும் ஒரே சாம்ராஜ்யம். 1918-இல் சாம்ராஜ்யம் உடைந்தது, நடுவே எல்லை வந்தது, பரிசோதனை வந்தது, வண்டி தேய்ந்தது. இரண்டாம் உலகப்போர் முடியும்போது அந்த நேர்வழி இல்லாமலே போயிற்று. இன்றைக்கு அதன் ஆஸ்திரியப் பகுதி எஸ்7 என்ற புறநகர் வண்டியாக ஓடி, எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வோல்ஃப்ஸ்டால் என்ற கிராமத்தில் நின்றுவிடுகிறது.

1914 பிப்ரவரி என்றதும் நம்மவர்களில் சிலர் நிமிர்ந்திருப்பீர்கள். அதே மாதம் 24-ஆம் தேதிதான் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போன போட் மெயில் அந்த வருஷம் பிறந்தது. எங்கள் சித்தப்பா ஒருவர் அப்படிப் போய் வந்ததைக் கதை கதையாகச் சொல்வார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடியது. 1980-களில் அதுவும் நின்றது. ஒன்றை எல்லை தின்றது, ஒன்றைப் புயலும் யுத்தமும் தின்றன. ஆனால் வியன்னாக்காரர்கள் தங்களுடையதை வேறு வழியில் மீட்டுக்கொண்டார்கள். நம் பக்கம், தலைமன்னார் வரை இலங்கைப் பாதையை 2015-இல் நம் இந்திய ரயில்வே நிறுவனமே மறுபடி போட்டுக் கொடுத்தது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாயிற்று. இரண்டு கரையிலும் தண்டவாளம் தயார், நடுவே முப்பது சொச்சம் கிலோமீட்டர் கடல். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பல் விட்டார்கள், நின்றது, 2024-இல் மறுபடி விட்டார்கள். இது எத்தனை பெரிய ஆரம்பம் என்பது கப்பல் அடிக்கடி, தவறாமல், ஓடுவதைப் பொறுத்தது. வாரத்துக்குச் சில நாள், காற்றடித்தால் ரத்து என்றால் அது விசேஷமாகவே இருக்கும், வழக்கமாகாது.

அந்தப் பேச்சு பெரிய பேச்சு, அரசாங்கங்கள் பேச வேண்டியது. எல்லையே இல்லாத நம் தேசத்துக்குள் என்ன கதை? நாம் பிழைக்க வந்தவர்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் வீடுகளில், ஊரிலிருந்து "அப்பா தவறிவிட்டார்" என்று ராத்திரி ஃபோன் வந்து, விடிகாலை ஸ்டேஷனுக்கு ஓடி, வெயிட்டிங் லிஸ்ட் நானூறு என்று கேட்டுத் திகைக்காத வீடு எத்தனை? விமானம் எல்லோருக்கும் எட்டுகிற காலமும் இப்போதுதான் வந்தது. அதற்கு முன்னால் முன்பதிவில்லாப் பெட்டியில் கக்கூஸ் பக்கத்தில் முப்பது மணி நேரம் உட்கார்ந்து போனவர்கள் எத்தனை பேர்? போய்ச் சேரும்போது காரியம் முடிந்திருக்கும். 'முன்பதிவில்லாதது' என்ற வார்த்தைக்கே நம் ஊரில் தண்டனை என்று அர்த்தம் ஆகிவிட்டது. அங்கே நான் ஏறினதும் முன்பதிவில்லாப் பெட்டிதான்! அதில் மந்திரியும் ஏறுவார், மேஸ்திரியும் ஏறுவார்.

நீண்ட தூரத்துக்கு முன்பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மும்பை–சென்னை சுமார் 1,280 கிலோமீட்டர், ராத்திரி படுக்க இடம் வேண்டும், படுக்கைக்குப் பட்டியல் வேண்டும். 1997-இல் தத்கால் வந்தது கொஞ்சம் உதவி. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள், அதுவும் நல்லதுதான். நாலு மாதம் கழித்து யார் சாவார்கள், யாருக்குப் பிரசவம் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் நூறு, இருநூறு கிலோமீட்டருக்கும் நாம் ஏன் பட்டியல் பார்க்க வேண்டும்?

மும்பை–புனே எடுத்துக்கொள்ளுங்கள். 192 கிலோமீட்டர். 1930 ஜூன் 1-ஆம் தேதி டெக்கான் குயீன் ஓட ஆரம்பித்தது. அதற்கப்புறம் அதன் தங்கைகள் பலர் வந்தார்கள். எல்லாம் விடியற்காலை ஒரு கொத்து, சாயந்திரம் ஒரு கொத்து. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு 'புனேயில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வரலாம்' என்று தோன்றினால் ரயில்காரனான நானே பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறேன். காரணங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. கர்ஜத்துக்கும் லோனாவ்லாவுக்கும் இடையே 37-க்கு 1 ஏற்றம், பின்னால் தள்ள என்ஜின்கள் மாட்ட வேண்டும். கல்யாண் வரை லோக்கல் வண்டிகளின் நெரிசல். சரக்கு வண்டிக்கு வழி விட வேண்டும், அதில்தான் ரயில்வேக்குச் சம்பாத்தியம். இதையெல்லாம் நான் மேலதிகாரிகள் வாயால் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப் பாதை போடும்போது, அதில் இன்னும் ஒரு வேக வண்டி விடுவதா, அல்லது மணிக்கொரு சாதாரண வண்டியை ஒரே நிமிஷத்தில் விடுவதா என்று கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்பதில்லை. மணிக்கு 160 என்றால் பத்திரிகையில் படம் வரும். மணிக்கு ஒன்று என்றால் வராது. டில்லி–மீரட் நமோ பாரத் வண்டி 2023 அக்டோபரிலிருந்து படிப்படியாக ஓடுகிறது. அதில் வேகத்தைவிட எனக்குப் பிடித்தது, போய் நின்றால் சில நிமிஷத்தில் வண்டி வந்துவிடுகிறது என்பது. டில்லித் தமிழன்பர்கள் இதைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

'வெளிநாட்டைப் புகழ வந்துவிட்டான்' என்று ஒருவரும் எழுதிவிடாதீர்கள். அங்கேயும் கோணல்கள் உண்டு. எல்லைப் பரிசோதனை எடுபட்டது என்றேனே, 2022 செப்டம்பரிலும் 2023 அக்டோபரிலும் ஆஸ்திரியா ஸ்லோவாக்கிய எல்லையில் மறுபடி போலீஸை நிறுத்தியது, குடியேறிகள் வருகிறார்கள் என்று. நினைத்தவுடன் போவது என்பது ஒருமுறை கிடைத்தால் என்றைக்கும் இருக்கும் என்பதில்லை. இருந்தாலும் வண்டி நிற்கவில்லை. பிராட்டிஸ்லாவாவில் வீட்டு விலை ஏறிவிட்டதால் ஸ்லோவாக்கியர்கள் பலர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியக் கிராமங்களில் வீடு வாங்கிக் குடியேறி, தினமும் தங்கள் தலைநகருக்கு வேலைக்கு வருகிறார்கள். நம் டோம்பிவிலிக்காரர்கள் மாதிரி, வேறு தேசத்திலிருந்து! பிராட்டிஸ்லாவா நகர பஸ் ஒன்றே எல்லை தாண்டி ஹைன்பர்க் வரை போய்வந்தது. 1989-இல் நடந்து போனார்களே, அதே ஹைன்பர்க்.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மாதம் பேரனை வைத்துக்கொண்டு பிளாட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, கடைசி வாரம் மாப்பிள்ளை லீவு போட்டு அழைத்துப்போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு வியாழக்கிழமை நீங்களே கிளம்புங்கள். ஷெங்கன் விசா ஒன்றே இரண்டு நாட்டுக்கும் செல்லும். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் போதாது. கல் பாவிய தெருக்கள், ஆகையால் செருப்பைவிட ஷூ உத்தமம். புடவைக்கும் அது பொருந்தும், யாரும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். மார்ஹெக் வழியாகப் போய் பெட்ர்ஜல்கா வழியாகத் திரும்புங்கள். நாங்கள் வீடு திரும்பியபோது மணி ஐந்தேகால். கசகசாப் பலகாரம் நாலில் மூன்றுதான் வந்து சேர்ந்தது.